ஒரு பக்கம் பத்துக் காசு

ஹர்வீந்தர் கௌர் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து
ஒன்பது பிரதி வேண்டும் என்றார்.
நாளை ஈப்போவில் தாக்கல்.
மை தீர்ந்துகொண்டிருந்தது.
உருளையைக் கழற்றிக் குலுக்கி மாட்டினேன்.
சுங்கை சிப்புட்டில் மழைக்கு முந்தைய புழுக்கம்,
செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள்
ஆலைக்கு வரிசைகட்டிப் போகும் நேரம்.

முதல் தாள் அரசமைப்பு, ஐந்தாவது பிரிவு:
சட்டப்படி அல்லாமல்
எவர் உயிரும் பறிக்கப்படலாகாது.
பச்சை வெளிச்சம் அதன்மேல்
ஒன்பது முறை நடந்துபோனது.
தொண்ணூறு காசு.

அடுத்தது போதைப்பொருள் சட்டம், முப்பத்தேழு.
பெட்டி உன் பொறுப்பில் இருந்தால்
உள்ளே இருப்பது உன்னுடையது.
உன்னுடையது என்றால்
அது இன்னதென்று உனக்குத் தெரியும்.
இல்லை என்கிறாயா,
இல்லை என்பதை நீயே காட்டு.

ஒன்றன்மேல் ஒன்றாய் இரண்டை ஏற்றக்கூடாதென்று
புத்ராஜெயாவில் முன்பே சொல்லியாயிற்றாம்.
அந்த ஒற்றை மட்டும் ஏன் நிற்க வேண்டும்
என்பதுதான் இப்போது வக்கீலம்மா கேட்கும் கேள்வி.
நாற்பத்தாறு பக்கக் கேள்வி.

மலாயில் 'டியாங்காப்' என்று போட்டிருக்கிறது.
தமிழில் எனக்கு அகப்பட்டது
'வைத்துக்கொள்வோம்'.
பள்ளியில் கணக்கு சார் சொல்வார்,
எக்ஸ் என்பது பத்து என வைத்துக்கொள்வோம்.
மணி அடித்ததும் பலகையைத் துடைத்துவிட்டுப் போவார்.

இங்கே எக்ஸுக்குப் பெயர் தியாகேஸ்வரன்.
வயது முப்பத்தொன்று, குலை வெட்டுபவன்.
இரவல் மோட்டார், இருக்கைக்கு அடியில் மைலோ பை,
பையில் இருநூற்றுப் பதினான்கு கிராம் கஞ்சா.
சாவி அவன் கால்சட்டைப் பையில்.
இருநூறோடு நின்றிருந்தாலும் கதை இதேதான்,
அந்த எடையிலிருந்தே
அவன் வியாபாரி என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அவனுக்குத் தெரிந்திருக்கலாம்.
தெரியாமலும் இருந்திருக்கலாம்.
எனக்குத் தெரியாது.
அதைக் கண்டுபிடிக்கத்தான் கோர்ட்டு என்று
இத்தனை வருஷம் அதன் எதிரில் கடை வைத்திருந்தேன்.

போன வருஷம் யாரோ பென்ஷன் தகராறுக்காக
பழைய தோட்டக் கணக்குப் புத்தகம் கொண்டுவந்தார்.
கிராணியின் சாய்ந்த கையெழுத்தில்
கள்ளுக்கடை வரவு, மாதாமாதம்.
சம்பளம் கொடுத்த கையே
சாயங்காலம் திரும்ப வாங்கியிருக்கிறது.
அந்தக் காலத்தில் போதைக்கு வரி இருந்தது,
ரசீது இருந்தது.
யாரும் எதையும் வைத்துக்கொள்ளவில்லை.
தாள் பொடிப்பொடியாய் உதிர்ந்ததால்
அதற்கு மட்டும் பதினைந்து காசு வாங்கினேன்.

இருபத்திரண்டாம் பக்கத்தில் மிஷின் சிக்கியது.
கதவைத் திறந்து, சூட்டோடு
கசங்கிய தாளை உருவும்போது
இடுப்புச் சாவிக்கொத்து மேஜையில் தட்டியது.

பதினோரு சாவிகள்.
லயத்தை இடித்தபின் ஃபிளாட்டுக்குப் போனவர்கள்
கடிதத்துக்கு இன்னும் என் கடை முகவரியைத்தான் தருகிறார்கள்.
சுவரில் பதினோரு தகரப் பெட்டிகள்.
யாருக்கு என்ன வருகிறதென்று
ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை.
பிரித்துப் பார்க்காததை
எப்படிக் காட்டுவது?
உட்கார்ந்து யோசித்தேன்.
லாரி ஒன்று போய், இன்னொன்றும் போனது.

நானூற்றுப் பதினான்கு பக்கம்.
நாற்பத்தொரு வெள்ளி நாற்பது காசு,
வக்கீல் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

அதுவரை கதவோரம் நின்றிருந்த பூமயில் அக்கா
கட்டைத் தொட்டுப் பார்த்தார்.
இன்னும் சூடு ஆறவில்லை.
'இதில் அவன் பெயர் எங்கே இருக்கிறது?'
எடுத்துக் காட்டினேன்.
பெரிய எழுத்தில், தகப்பன் பெயரோடு,
அடைப்புக்குறிக்குள் அடையாள அட்டை எண்.
எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார்.
'இதை மட்டும் எனக்கு ஒன்று எடும்மா.'

எடுத்துக் கொடுத்தேன்.
ஓரத்தில் மை கொஞ்சம் இழுவியிருந்தது.
முந்தானை முடிச்சை அவிழ்த்து
ஒரு பத்துக் காசை மேஜையில் வைத்தார்.

வாங்கிக்கொண்டேன்.
வாங்காமல் இருந்திருக்கலாம்.